மாத்திரை எந்த நாளில் நின்றது? வசதி குறைந்த பகுதிகளில் இதய நோயைத் தடுக்க இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பகுதியில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் முதலில் செய்வது ஒரு கூட்டம் போட்டு, உப்பைக் குறையுங்கள், புகையை விடுங்கள், தினமும் நடங்கள் என்று சொல்லிவிட்டு வருவதுதான். சொல்வது எல்லாமே சரி. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு அது முன்பே தெரியும், தெரிந்தும் செய்ய முடியாத நிலையில் இருக்கிறார்கள். ஏன் முடியவில்லை என்று கேட்கும்போதுதான் உருப்படியான வேலை தொடங்குகிறது.

நீங்கள் ஒரு தன்னார்வலராக இருக்கலாம், சுகாதாரப் பணியாளராக இருக்கலாம், குடியிருப்புச் சங்கத்திலோ தொழிற்சங்கத்திலோ இருக்கலாம், இல்லை, வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்த பிறகு இதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தவராக இருக்கலாம். யாராக இருந்தாலும் ஒரு ஆய்வை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2014-ல் வெளியான பியூர் ஆய்வு அது. ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, எடை என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆபத்து அதிகமாக இருந்தது பணக்கார நாடுகளில்தான், ஏழை நாடுகளில் இருந்தவர்களுக்குக் குறைவு. ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ வந்து இறந்தவர்கள் ஏழை நாடுகளில்தான் அதிகம். அப்படி ஒன்று வந்தவர்களில் இறந்தவர்களின் பங்கு பணக்கார நாடுகளில் சுமார் 6.5 சதவீதம், ஏழை நாடுகளில் 17 சதவீதத்துக்கும் மேல்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். வசதி குறைந்த இடங்களில் மக்களின் பழக்கத்தைவிட அவர்களைக் கொல்வது தாமதமும், சிகிச்சை பாதியில் நின்றுபோவதும். யாரும் அளந்து பார்க்காத பிரஷர், பாதியில் நின்ற மாத்திரை, வலி வந்தும் மணிக்கணக்கில் கிளம்பாமல் இருந்த இரவு. உங்கள் பகுதியில் இந்த மூன்றில் எது, எந்த இடத்தில், எதனால் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

முதலில் கேளுங்கள், அப்புறம் பேசுங்கள்

பிரஷர், சுகர், இதய நோய் உள்ளவர்கள் இருக்கும் வீடுகளாகப் பத்துப் பதினைந்து எடுத்துக்கொள்ளுங்கள், அண்மையில் ஒருவரை இழந்த வீடும் அதில் இருக்கட்டும், ஆனால் அங்கே அவர்கள் சம்மதித்தால் மட்டும் போங்கள். கேள்வித்தாள் வேண்டாம். உட்கார்ந்து, நடந்ததைப் பின்னாலிருந்து முன்னால் கேளுங்கள். வலி வந்த அன்று முதலில் யாரிடம் சொன்னார், சொல்லி எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பினார்கள், எந்த வண்டியில், முதலில் போன இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்தார்களா, அங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பினார்களா. அதற்கு முந்தைய மாதம் மாத்திரை கையில் இருந்ததா, எந்த நாளில் நின்றது, அந்த வாரத்தில் வீட்டில் வேறு என்ன நடந்தது.

“ஏன் மாத்திரை சாப்பிடவில்லை?” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரும் “மறந்துட்டேன்” என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் அது குற்றம் சாட்டும் கேள்வி. எந்த நாளில் நின்றது என்று கேட்டால்தான் வேலை போன வாரம், பள்ளிக் கட்டணம் கட்டிய மாதம், மருந்தகத்தில் இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிய நாள், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போன நாள் என்று உண்மையான காரணங்கள் வரும். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், பெயர் எழுதாதீர்கள்.

வேலையைப் பற்றியும் கேளுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில் எல்லோருமே அரசு ஊழியர்கள், எல்லோருக்கும் நிலையான சம்பளம், ஒரே இலவச மருத்துவ அமைப்பு. அப்படியும் கடைசிப் படியில் வேலை பார்த்த ஆண்கள் இதய நோயால் இறந்த விகிதம் மேல்படியில் இருந்தவர்களைப்போல ஏறத்தாழ 3 மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதிக்குத்தான் விளக்கம் கிடைத்தது. தன் வேலை மேல் தனக்கே எந்தப் பிடியும் இல்லாமல், நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல், ஆண்டுக்கணக்கில் பதற்றத்திலேயே இருக்கும் உடம்பில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன, தூக்கம் கெடுகிறது, ரத்தக் குழாய்களின் உள்சுவர் சீக்கிரம் பழுதாகிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் சொன்ன கணக்கு இது: வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 சதவீதமும் அதிகம். இரண்டு வேலை பார்க்கும் ஒருவரிடம் தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று சொல்லும் முன்னால் அவர் எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

வீடுகளுக்குப் போய் வந்த பிறகு காரணங்களை அடுக்கிப் பாருங்கள். பணமா, தூரமா, நேரமா, மருந்து இருப்பா, பயமா, அவமானமா? ஒவ்வொரு இடத்திலும் ஒன்றிரண்டுதான் தலைதூக்கி நிற்கும். அந்த ஒன்றிரண்டில் வேலை செய்யுங்கள், எல்லாவற்றையும் தொடாதீர்கள்.

அளப்பது

உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது, உலக அளவிலேயே இதுதான் நிலைமை. வலி இல்லை, அறிகுறி இல்லை, அதனால் அளக்காமல் தெரிய வழியே இல்லை. வேல்ஸில் ஒரு சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், இருமலுக்கு வந்தாலும் முதுகு வலிக்கு வந்தாலும் வந்தவர் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் அளந்தார், வராதவர்களைத் தேடிப் போயும் அளந்தார். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதியவரும் இவர்தான்.

அளக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. மக்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்கு, அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில் கருவியைக் கொண்டுபோங்கள். லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின ஆண்கள் வழக்கமாகப் போகும் முடிதிருத்தும் கடைகளுக்கே மருந்தாளுநர்களை அனுப்பி, அங்கேயே பிரஷர் பார்த்து, மருத்துவர்களுடன் செய்த ஏற்பாட்டின்படி அங்கேயே மருந்தும் கொடுத்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. 6 மாதத்தில் அவர்களுடைய பிரஷரின் மேல் அளவு (140/90 என்று எழுதும்போது முதலில் வரும் எண்) சராசரியாக 27 புள்ளி இறங்கியது. மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று கடைக்காரர் அறிவுரை மட்டும் சொன்ன மற்றக் கடைகளில் 9 புள்ளிதான். மருந்து ஆளைத் தேடி வந்ததும், நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்ததும்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

அளக்கும் முறையில் அவசரப்பட்டால் எண் பொய் சொல்லும். மேல்கையில் கட்டும், தரம் சோதிக்கப்பட்ட கருவியாக வாங்குங்கள். கைப்பட்டை கைக்குப் பொருந்த வேண்டும், பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் புகை, காபி, ஓட்டம் எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, இரு பாதமும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கையை மேசைமேல் இதயத்தின் உயரத்துக்கு வைக்க வேண்டும், அளக்கும்போது அவரும் பேசக் கூடாது நீங்களும் பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எழுதுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு நாளிலும் பாருங்கள், ஒரே நாள் அளவை வைத்து யாரையும் நோயாளி என்று பயமுறுத்த வேண்டாம். 180/120-க்கு மேல் இருந்து, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், கை கால் பலவீனம் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு வழி இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். வயது, ஆணா பெண்ணா, புகை உண்டா, ரத்த அழுத்தம், உயரத்துக்கு ஏற்ற எடை, இவ்வளவை மட்டும் வைத்து அடுத்த 10 ஆண்டு ஆபத்தைச் சொல்லும் அட்டவணைகளை உலக சுகாதார நிறுவனம் வட்டாரம் வாரியாக வெளியிட்டிருக்கிறது. உங்கள் வட்டாரத்துக்கானதை எடுத்து, ஒரு செவிலியரோடோ மருத்துவரோடோ உட்கார்ந்து பயன்படுத்தக் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு கண்டிப்பான விதி. அளந்தவரை அனுப்ப ஓர் இடம், ஒரு ஆள், ஒரு நேரம் முடிவாகும்வரை முகாம் போடாதீர்கள். உங்களுக்கு அதிகம் என்று சொல்லிவிட்டு எங்கே போவது என்று சொல்லாமல் வருவது பயத்தை மட்டும் விட்டுவிட்டு வருவது.

மாத்திரை தொடர்வது

இதில்தான் அதிக நேரம் செலவழியுங்கள். மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்கள் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், பிரஷர் மாத்திரை என்று சிலவற்றைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும், பெரும்பாலும் காலம் முழுக்க. 2011-ல் வந்த பியூர் ஆய்வின் இன்னொரு கட்டுரைப்படி, அப்படிப்பட்டவர்களில் இந்த மருந்துகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடாதவர்கள் பணக்கார நாடுகளில் சுமார் 11 சதவீதம், ஏழை நாடுகளில் சுமார் 80 சதவீதம். இவை எல்லாமே பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும், காப்புரிமை முடிந்த, மலிவான மாத்திரைகள் என்பதை நினைத்தால் இந்த எண் இன்றைக்கும் மனதைப் பிசைகிறது.

மாத்திரையின் விலையை மட்டும் கணக்கிடாதீர்கள். ஒரு மாத மாத்திரை இலவசமாகவே கிடைத்தாலும் அதை வாங்க ஒரு நாள் கூலி போகிறது, போக வரச் செலவு, வரிசையில் நிற்கும் நேரம், சில இடங்களில் முதலாளியின் முகச்சுளிப்பு. ஆண்டுக்கு 12 தடவை. பிரஷர் கட்டுக்குள் வந்து நிலையாக இருப்பவர்களுக்கு 3 மாத மாத்திரையை ஒரே தடவையில் தரச் சொல்லிக் கேளுங்கள், 12 பயணம் 4 ஆகிவிடும். பல மாத்திரைகளைச் சேர்த்து ஒன்றாக்கிய கூட்டு மாத்திரை கிடைக்குமா என்றும் மருத்துவரிடம் கேட்கலாம். 2023 முதல் அது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

அப்புறம், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு துணை ஆள். கொலம்பியாவிலும் மலேசியாவிலும் 30 சமூகங்களில் நடந்து 2019-ல் வெளியான ஹோப்-4 ஆய்வில் மூன்று காரியங்கள் சேர்த்துச் செய்தார்கள். மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய், எளிய வழிகாட்டுதலின்படி கவனித்துக்கொண்டார்கள், மருத்துவர் மேற்பார்வையில் மருந்தை இலவசமாகக் கொடுத்தார்கள், குடும்பத்திலோ நட்பிலோ ஒருவரை நோயாளி தானே துணையாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஓராண்டில் இவர்களில் 69 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 30 சதவீதம். துணை ஆளை நீங்கள் நியமிக்காதீர்கள், நோயாளியே சொல்லட்டும். மனைவிதான் பார்த்துக்கொள்வார் என்று நாமே முடிவு செய்துவிட்டால் அவர் தலையில் இன்னொரு வேலையைக் கட்டியதாகத்தான் முடியும், அவருடைய பிரஷரை யாரும் பார்க்காமலே போய்விடும்.

மாத்திரை நிற்பதற்குச் சொல்லக் கூச்சப்படும் காரணங்களும் உண்டு, நீங்களாக எடுத்துக் கொடுத்தால்தான் பேசுவார்கள். சில பிரஷர் மாத்திரைகள் அடிக்கடி சிறுநீர் போக வைக்கும், வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இல்லாத பெண் அந்த மாத்திரையை வேலை நாளில் தொடமாட்டார். சிலவற்றுக்கு வறட்டு இருமல் வரும், சிலவற்றுக்குக் கால் வீங்கும். இவை எல்லாவற்றுக்கும் மாற்று மருந்து இருக்கிறது, சாப்பிடும் நேரத்தை மாற்றவும் வழி இருக்கிறது, ஆனால் நோயாளி தானாக நிறுத்திவிட்டால் மருத்துவருக்கு அது தெரியவே தெரியாது. உடல் உழைப்பாளிகளிடம் வலி மாத்திரையைப் பற்றியும் கட்டாயம் கேளுங்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளைத் தினமும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம், அவை ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும்.

“இப்ப நல்லாத்தானே இருக்கேன், அதான் நிறுத்திட்டேன்” என்பவரிடம் சண்டை போட வேண்டாம். மாத்திரை சாப்பிடுவதால்தான் அளவு சரியாக இருக்கிறது, நிறுத்தினால் திரும்ப ஏறும் என்று சொல்லி, அவர் கண்முன்னாலேயே அளந்து காட்டுங்கள். எண்ணைத் தானே பார்த்தவர் பெரும்பாலும் யோசிப்பார்.

மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பினால் முதல் வாரத்துக்குள் போய்ப் பாருங்கள். சீட்டில் எழுதியதும் கையில் இருப்பதும் ஒன்றா, வாங்காமல் விட்டது எது, அடுத்த தேதி என்ன, அன்றைக்கு யார் கூடப் போவார். அடைப்பை நீக்க ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைப் பணம் இல்லை என்று நிறுத்தினால் அந்த இடத்திலேயே மறுபடி அடைத்துக்கொள்ளலாம், அதனால் இந்த ஒரு மாத்திரைக்கு வழி பண்ணுவதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள்.

வலி வரும் முன்பே போட வேண்டிய திட்டம்

நடு நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ எரிச்சலோ வந்து சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், கை, தோள், தாடை, முதுகு, மேல்வயிற்றுக்குப் பரவினால், குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல் கூடவே வந்தால் மாரடைப்பு என்றே எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமல் வெறும் சோர்வாக, மூச்சு வாங்கலாக, வாந்தியாக மட்டும் வரலாம். கேஸ் பிரச்சினை, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவதில்தான் பல உயிர்கள் போகின்றன. அடைத்த ரத்தக் குழாயைத் திறக்கும் சிகிச்சை முதல் சில மணி நேரங்களில் கிடைத்தால்தான் முழுப் பலன், நேரம் போகப் போக இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் விடியட்டும் என்று இருப்பதற்கு அறியாமை மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். ராத்திரி வண்டி கிடைக்காது, கையில் பணம் இல்லை, சின்னப் பிள்ளைகளை யாரிடம் விடுவது, போய் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லோரையும் அலைக்கழித்ததாகிவிடுமே. ஆகவே இதை வீட்டளவில் இல்லாமல் தெரு அளவில் திட்டமிடுங்கள். அவசர ஊர்தி எண் என்ன, உங்கள் இடத்துக்கு வர உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது, வராவிட்டால் யாருடைய வண்டி, பகலில் ஒருவர் ராத்திரியில் ஒருவர். எந்த மருத்துவமனையில் 24 மணி நேரமும் ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியோ அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோ சிகிச்சையோ தருகிறார்கள் என்று நேரில் போய் விசாரித்து எழுதிவையுங்கள், ஏனென்றால் பக்கத்தில்தானே இருக்கிறது என்று விசாரிக்காமல் போய், அங்கே வசதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு இழக்கும் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அவசர உதவி எண்ணில் பேசுபவர் சொன்னால், ஒவ்வாமையோ ரத்தக் கசிவோ இல்லாதவர் ஆஸ்பிரின் ஒன்றை மென்று விழுங்கலாம். வலி வந்தவரே வண்டி ஓட்டிப் போகக் கூடாது.

உணவு, புகை, பிள்ளைகள்

இவற்றைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், கையில் இருக்கும் வழிகளை மட்டும் சொல்கிறேன். உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். சமைப்பவரிடம் ருசியை விடச் சொல்வதைவிட உப்பையே மாற்றுவது எளிது. சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பைச் சீனாவில் 600 கிராமங்களில் சோதித்தார்கள், 2021-ல் வெளியான முடிவில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. சிறுநீரக நோய் உள்ளவர்களும் பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

புகையிலையை விட்டவருக்கு ஓராண்டில் இதய நோயின் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது. மெல்லும் புகையிலையும் பாதுகாப்பானது இல்லை. விறகும் கரியும் எரியும் அடுப்பின் புகை, சமைப்பவரின் நுரையீரலோடு இதயத்தையும் கெடுக்கிறது, அடுப்பை மாற்ற முடியாவிட்டால் காற்றோட்டத்தையாவது மாற்றுங்கள்.

நெரிசலான வீடுகளில் ஒரு பிள்ளையின் தொண்டைப்புண் மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த புண்ணுக்குச் சரியான நேரத்தில் மருந்து தராவிட்டால் சிலருக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வுகள் நிரந்தரமாகப் பழுதாகிவிடும். பணக்கார நாடுகளில் ஏறத்தாழ மறைந்தே போன நோய் இது, வறுமை இருக்கும் இடங்களில் இன்னும் இளம் உயிர்களை எடுக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் காட்டச் சொல்லுங்கள். வாதக் காய்ச்சல் வந்துபோன பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை போடும் பென்சிலின் ஊசி ஒரு தவணையும் தவறாமல் இருக்க உங்கள் நாட்குறிப்பிலேயே தேதி எழுதிவையுங்கள். கர்ப்ப காலத்தில் பிரஷரோ சுகரோ வந்த பெண்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பிரசவத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள், ஆனால் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம்.

அதிகாரிகளிடம் போகும்போது

நீங்கள் எழுதிவைத்த காரணங்கள் இப்போது உதவும். எங்கள் பகுதிக்கு நல்ல சுகாதார வசதி வேண்டும் என்ற மனு எங்கேயும் போகாது. இத்தனை வீடுகளில் கேட்டோம், இத்தனை பேருக்கு மருந்தக நேரமும் வேலை நேரமும் ஒன்றாக இருப்பதால் மாத்திரை நின்றது, ஆகவே வாரத்தில் ஒரு நாள் மாலையில் திறந்து வையுங்கள், அல்லது நிலையாக இருப்பவர்களுக்கு 3 மாத மாத்திரை தாருங்கள் என்று ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். வேலை தரும் இடமாக இருந்தால் மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளுக்குக் கூலியைப் பிடிக்காமல் இருக்கச் சொல்லுங்கள், கழிப்பறை கேளுங்கள். இவையும் இதய சிகிச்சைதான் என்று அவர்களுக்கும் புரியவையுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். பிரஷர் இருக்கிறது என்று தெரிந்தவர்களில் எத்தனை பேர் 140/90-க்குக் கீழே இருக்கிறார்கள், கடந்த ஒரு மாதத்தில் ஒரு நாள்கூட மாத்திரை இல்லாமல் போகாதவர்கள் எத்தனை பேர். முகாமுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை, கொடுத்த துண்டறிக்கை எண்ணிக்கை இதெல்லாம் அறிக்கையில் பார்க்க அழகாக இருக்கும், வேலை நடக்கிறதா என்று சொல்லாது. முதல் எண் ஏறாமல் இரண்டாவது மட்டும் ஏறினால் மருந்தின் அளவு போதாமல் இருக்கலாம், அந்தப் பட்டியலை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டி அளவைக் கூட்ட வேண்டுமா என்று கேளுங்கள்.